றோசக்காவுக்கு வெயில் விற்கப் போனேன்

ஆக்லாந்து விமான நிலையத்தில் முதல் காரியமாக என் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். சப்பாத்தில் மண் இருக்கிறதா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. நான் நேர்மையானவன், அதைவிடப் பயந்தவன். இருக்கிறது என்று போட்டுவிட்டேன். கையுறை போட்ட ஒரு பெரிய அம்மாள் சப்பாத்துகளை நாய்க்குட்டிகளைத் தூக்குவதுபோல ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"இது எந்த ஊர் மண்?"

"நியூ மெக்சிகோ. பாலைவனம்."

"நல்ல நிறம்," என்று சொல்லிவிட்டு உள்ளே கொண்டுபோனார். பத்து நிமிடம் காலுறையோடு நின்றேன். திரும்பி வந்தபோது சப்பாத்து நான் வாங்கிய நாளில் இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. பன்னிரண்டு வருடத்துப் பாலைவனத்தைக் கழுவி எங்கோ ஒரு குழாயில் விட்டிருந்தார்கள்.

அடுத்து என் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே மூன்றடி நீளத்துக்குக் கோத்த செத்தல் மிளகாய்ச் சரம். எங்கள் ஊரில் வீட்டு வாசல்களில் இதைத்தான் தொங்கவிடுவார்கள். அம்மாள் அதை உதறினார். ஒரு சின்னப் பூச்சி விழுந்து, நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்ததுபோல மேசையில் நடந்தது. அது என்னோடு வந்ததல்ல, தனியாக வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே சரத்தைப் பூச்சியோடு சேர்த்து ஒரு பையில் போட்டுக் கட்டினார்.

ஆக, ஊரை விற்க வந்த வியாபாரியிடம் மாதிரிச் சரக்கு இரண்டையும் வாசலிலேயே பறித்தாயிற்று.

விற்க வந்தவன் என்று சொன்னது பகிடிக்கல்ல. அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில் ஒரு சின்னப் பாலைவன ஊரில் நான் எக்ஸ்ரே எடுக்கிறவன். ஊரின் பெயரைச் சொன்னால் அமெரிக்கக்காரருக்கே தெரியாது, விடுங்கள். என் அக்கா றோஸ் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டில் இருந்தார். அத்தான் போன வருடம் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அக்காவுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். ஈரமான ஊர் உங்களுக்குக் கூடாது, காய்ந்த இடத்துக்குப் போனால் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூமியில் என் ஊரைவிடக் காய்ந்த இடம் ஒன்று இருந்தால் அங்கே ஆட்கள் இல்லை. ஆகவே இரண்டு கிழமை லீவு போட்டு, அக்காவைச் சம்மதிக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போவதற்காக வந்திருந்தேன். என் வீட்டின் கிழக்கு அறைக்கு நீலப் பூச்சுக்கூட அடித்தாயிற்று.

வெளியே அக்கா நின்றார். பக்கத்தில், தொப்பி போட்ட எழுபது வயது வெள்ளைக்காரி, கார்த் திறப்பைச் சுழற்றிக்கொண்டு. அக்கா என்னைக் கட்டிப்பிடித்தபோது அவருடைய நெஞ்சுக்குள் யாரோ கதவைத் திறந்து மூடுவதுபோலச் சத்தம் கேட்டது.

"என்னடா தம்பி, மொட்டை விழுந்திட்டுது?"

"வெயிலுக்கு இடம் விட்டிருக்கிறன் அக்கா."

"வந்த உடனயே வெயிலைத் தொடங்காதை. இவ ஷேர்லி, பக்கத்து வீடு."

ஷேர்லி கை குலுக்கினார். "நீதான் இவளைத் திருட வந்த தம்பியா?" என்றார் ஆங்கிலத்தில். அதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இந்த நாட்டில் எதையும் சிரிக்காமல் பறிக்கமாட்டார்கள் போலிருந்தது.

ஆடி மாதம். அங்கே அது நடு மாரி. வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கோட்டைக் கழற்றினேன். அக்கா அதை எடுத்துத் திரும்ப என்னிடம் தந்தார். ஆக்லாந்தில் குளிர் வெளியே இருப்பதில்லை; அது வீட்டுக்குள் வாடகைக்கு இருக்கிறது. வெயில் காய வேண்டுமானால் தெருவுக்குப் போகவேண்டும். ஒரு அறையில் மட்டும் ஹீட்டர். மற்ற அறைகளுக்குக் கதவைச் சாத்திவிட்டு, நீரில் மூழ்குபவர்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்வருவார்கள்.

இரண்டாம் நாள் காலையில் எழும்பிப் பார்த்தால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் உட்பக்கம் தண்ணீர் வடிகிறது. அக்கா ஒரு பழைய துவாயோடு அறை அறையாகப் போய் ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைத்து, துவாயைக் குளியலறையில் பிழிந்துவிட்டு வந்தார். பிழிந்து முடிந்ததும் கதிரையில் உட்கார்ந்து, சின்ன மூச்சு மருந்துப் பம்பை வாயில் வைத்து இரண்டு தரம் இழுத்தார். பிறகுதான் தேத்தண்ணி. இது ஒவ்வொரு நாளும். அலுமாரியை நான் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். பின்சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம், ஏதோ ஒரு நாட்டின் வரைபடம்போல.

"அதைத் தள்ளாதை. அது தன்ரை பாட்டில கிடக்கட்டும்."

தேத்தண்ணி குடித்த கையோடு, ஊரிலிருந்து கொண்டுவந்த பட அல்பத்தை எடுத்து வியாபாரத்தைத் தொடங்கினேன். வருடத்தில் முந்நூறு நாளுக்கு மேல் வெயில் என்றேன். உடுப்புத் தோய்த்து ஒரு நுனியைக் கொடியில் போட்டு மறு நுனிக்கு வரும்போது முதல் நுனி காய்ந்திருக்கும் என்றேன். அந்தக் காலத்தில் நெஞ்சு வருத்தக்காரரை டாக்டர்மார் பெட்டி படுக்கையோடு அனுப்பிவைத்த ஊர் அது, வந்தவர்களில் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள் என்றேன். மண்ணுக்கு மேலேயா கீழேயா என்பதை நான் சொல்லவில்லை. அக்கா கேட்கவுமில்லை. வேறு கேள்விகள் கேட்டார்.

"விடியக்காலமை என்ன நிறத்தில இருக்கும்?"

"மலையோ? ஊதா. பிறகு ரோஸ், உங்கட பேர் மாதிரி."

"மழை பெஞ்சால் எப்பிடி மணக்கும்?"

அங்கே ஒரு பற்றை இருக்கிறது, மழைக்கு முந்தியே அது மணக்கத் தொடங்கும், ஆட்கள் வாசலில் வந்து நின்று மூக்கை நீட்டுவார்கள் என்றேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் என்னையே மெச்சிக்கொண்டேன். வியாபாரி என்றால் இப்படி இருக்கவேண்டும்.

"அப்ப என்ன அக்கா, வாறியளோ?"

"யோசிப்பம்," என்றார்.

மூன்றாம் நாள், யோசிக்கும்வரை அக்கா மூச்சோடு இருக்கவேண்டுமே என்று, ஈரம் உறிஞ்சும் மெசின் ஒன்று வாங்கிவரப் புறப்பட்டேன். நகரத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தால் போதும். பன்னிரண்டு வருடம் வண்டிகள் வலப்பக்கமாக ஓடும் நாட்டில் இருந்தவன் நான். பழக்க தோஷத்தில் தெருவின் பிழையான பக்கத்தில் போய் நின்றேன். மழையில் நாற்பது நிமிடம் மிக ஒழுங்காக நின்றேன். வந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, நகரம் ஏன் போகப் போகச் சிறிதாகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசித் தரிப்பில் என்னைத் தவிர எல்லாரும் இறங்கிவிட்டார்கள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, தமிழா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஓம்."

"ஓமா! ஜாஃப்னா. நான் ஈப்போ, மலேசியா. நீங்க டவுனுக்குத்தானே போகணும்? எதிர்ப்பக்கம் நின்னிருக்கணும்லா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதுண்ணே. என்ன வாங்கணும்?" சொன்னேன். "அதுக்கு ஏன் டவுனு? மவுண்ட் வெல்லிங்டன் போங்க, பெரிய கடையெல்லாம் அங்கதான் இருக்கு. நான் ஒரு பஸ் சொல்றேன், அதுல ஏறுங்க. இந்தத் தடவை நான் காட்டுற பக்கத்துல நில்லுங்க."

அவருக்குத் தேநீர் இடைவேளை. எனக்கும் பக்கத்து டெய்ரியில் ஒரு பை வாங்கித் தந்தார். டெய்ரி என்றால் பால்பண்ணையில்லை, நம் மூலைக்கடைதான். பை என்றால் மாவுக்குள் கொதிக்கும் இறைச்சி. நாக்கைச் சுட்டுக்கொண்டேன். சுட்ட நாக்கோடு அவரிடம் இருபது நிமிடம் கதைத்தேன். என் வேலை, ஊர், அத்தான், மிளகாய்ச் சரம், பூச்சி எல்லாம். அவர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார். நான் பூச்சியை இரண்டாம் தரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, உங்க ஊர்ல தமிழாளுங்க நிறைய இருக்காங்களா?"

"இருக்கிறான். நான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் பஸ்ஸுக்குள் ஏறிக் கதவை மூடினார். கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு விரலால் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று இன்னொரு தரம் காட்டிவிட்டுப் போனார்.

மெசினைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. ஹோலில் வைத்து முடுக்கிவிட்டோம். மறுநாள் மத்தியானத்துக்குள் அது ஒரு வாளித் தண்ணீர் பிடித்திருந்தது. அக்கா வாளியை எட்டிப் பார்த்தார்.

"எட தம்பி, இவ்வளவையுமோ நான் இத்தினை வருஷமாச் சுவாசிச்சனான்?"

ஷேர்லியும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நல்ல பிடி, ஆனால் மீன் இல்லை," என்றார்.

ஐந்தாம் நாள் மழை விடவேயில்லை. அக்கா மீன்தலைக் குழம்பு வைத்தார். அங்கே வெள்ளைக்காரர் மீனின் நடுவை எடுத்துக்கொண்டு தலையைக் கிட்டத்தட்டச் சும்மா கொடுக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த நாட்டில் கிடைத்த பெரிய வரவேற்பு அதுதான் என்று நினைக்கிறேன். தலை ஒவ்வொன்றும் தேங்காயளவு. இடியப்பத்துக்கு அதை ஊற்றிச் சாப்பிட்டபோது, என் ஊரில் திங்கள் முதல் வெள்ளி வரை நான் தின்னும் அவரைக்கொட்டைக் கஞ்சியை நினைத்துக்கொண்டேன். அல்பத்தில் அதன் படம் இல்லை.

சாப்பிட்டு முடிந்ததும் அக்கா அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பெரிய கடித உறையைக் கொண்டுவந்தார்.

"நீ இதிலதானே சீவிக்கிறனி. பார்."

அவருடைய நெஞ்சு எக்ஸ்ரே. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு இருபது நெஞ்சு பார்க்கிறவன் நான். பார்க்கும்போதே ஏதாவது பகிடி விடுவது என் தொழில் வழக்கம். நோயாளிக்குப் பயம் போகும். அக்காவுடைய படத்தில் நுரையீரல்கள் விலா எலும்புகளைத் தள்ளிக்கொண்டு கீழே வரை நீண்டிருந்தன. ஒரேயடியாகக் கறுப்பு. எல்லாம் காற்று. உள்ளே போன காற்று வெளியே வர வழி தெரியாமல் தங்கிவிட்டிருந்தது. நடுவில் இதயம் ஒடுங்கிப்போய் ஒரு மிளகாயளவு.

"என்னவாம்?" என்றார் அக்கா.

"நல்ல வடிவாப் படம் எடுத்திருக்கிறாங்கள்."

"உன்ரை பகிடி எங்கயடா?"

"மழையில நனைஞ்சு போச்சு."

அவர் படத்தை வாங்கி உறைக்குள் போட்டார். அன்று பின்னேரம் நான் என் ஊரைப் பற்றிச் சற்று அவசரமாகவே சொன்னேன். நீலம் பூசிய அறையைச் சொன்னேன். ஜன்னல் கிழக்குப் பார்த்தது, கட்டிலில் கிடந்தபடியே மலை தெரியும், சுவரில் கை வைத்தால் சூடாக இருக்கும் என்றேன். நீங்கள் அங்கே பத்து வருடம் இருப்பீர்கள் என்றேன். இங்கே இருந்தால் எத்தனை என்று அவர் கேட்கவில்லை.

"சுவர் சூடா இருக்குமோ," என்றுமட்டும் கேட்டார்.

"கையைச் சுடும்."

"யோசிப்பம் தம்பி."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை, மாதத்தில் ஒன்றுதான். யாழ்ப்பாணம், மன்னார், நீர்கொழும்பு, இரண்டு மூன்று இந்தியக் குடும்பங்கள். பாடற்குழுவுக்கு முன்னால் அக்கா நின்றார். ஒரு வரிகூடப் பாடவில்லை; பாட மூச்சில்லை. வலது கையை மட்டும் அசைத்தார். அந்தக் கை உயர்ந்தால் இருபது பேர் உயர்ந்தார்கள், விழுந்தால் விழுந்தார்கள். ஒரு இடத்தில் அவர் கையைக் காற்றில் நிறுத்தி வைத்திருந்தார். அத்தனை பேரும் தங்கள் மூச்சை அவருக்காகப் பிடித்துவைத்திருந்ததுபோல இருந்தது.

பூசை முடிந்து பின் மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும். சுற்றிவர ரென்ட், மோர்ட்கேஜ், விசா, யாருடைய தங்கச்சி எந்த முகாமில். பிள்ளைகள் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டு ஓடின. மன்னார்க்காரப் பெண் ஒருவர் தட்டோடு என்னிடம் வந்தார்.

"அண்ணை, றோசக்காவைக் கூட்டிக்கொண்டு போகவோ வந்தனீங்கள்? அப்ப எங்கட பாட்டுக்கு ஆர்?"

"அங்கயும் பாட்டு இருக்குத் தங்கச்சி."

"ஆர் பாடுறது?"

"நான்."

"ஐயோ கடவுளே," என்று சொல்லி இன்னொரு ரோல் வைத்தார்.

பிறகு நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. நான் கதைக்கத் தொடங்கினேன். பக்கத்தில் நின்றவரோடு, அவர் நழுவியதும் அடுத்தவரோடு, கோப்பை கழுவ வந்தவரோடு. ஈரம் உறிஞ்சும் மெசினின் விலையை விசாரிக்க வந்த ஒரு கிழவரைப் பிடித்து அரை மணித்தியாலம் என் காரின் எஞ்சினைப் பற்றிச் சொன்னேன். மண்டபத்தைக் கூட்டினார்கள், கதிரைகளை அடுக்கினார்கள், நான் அடுக்கின கதிரைகளுக்கு நடுவில் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், கதவடியில் அக்கா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. "போவம்" என்று சொல்லவில்லை. முடியட்டும் என்று நின்றார்.

எட்டாம் நாள் வானம் சற்று வெளித்தது. "புக்கெகோஹிக்குப் போவம், அத்தானைப் பாக்க," என்றார் அக்கா. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்த அத்தான், இந்த நாட்டில் புக்கெகோஹியில் மரக்கறிப் பெட்டி கட்டும் இடத்தில் வெங்காயம் தரம் பிரித்தார். பதினோரு வருடம். அந்த ஊர் மயானத்தில்தான் தன்னை வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வருடமாக ஓடாத அத்தானின் ஜப்பான் காரை ஷேர்லி தன் காரிலிருந்து வயர் கொடுத்து உயிர்ப்பித்தார். நான் ஓட்டினேன். அந்தக் காரில் சிக்னல் தடி வலப்பக்கம், வைப்பர் இடப்பக்கம். என் காரில் மறுவளம். திரும்பவேண்டிய ஒவ்வொரு சந்தியிலும் சிக்னலுக்குப் பதிலாக வைப்பரைப் போட்டேன். ஆனால் அந்த நகரத்தில் வைப்பர் போட்டவனை யார் சந்தேகிப்பார்கள்? பின்னால் வந்தவர்கள் தங்கள் வைப்பரையும் போட்டுக்கொண்டார்கள். அக்கா சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, தெருவோரம் நிறுத்தி அவர் பம்பை இழுத்து முடியும்வரை காத்திருந்தோம்.

"சிரிப்புக் காட்டாதை, ஓட்டு," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

புக்கெகோஹியில் கார்க் கதவைத் திறந்ததும் நான் மண்ணைத்தான் பார்த்தேன். சிவப்பு. உழுது போட்ட வயல்கள் மேட்டுக்கு மேடு செக்கச் சிவப்பு, நடுவில் பச்சையாக வெங்காயத் தாள் வரிசைகள்.

"இதென்ன அக்கா, எங்கட யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண் மாதிரியே!"

"பின்னை? உன்ரை அத்தான் சும்மாவோ இஞ்ச கிடக்கப்போறன் எண்டவர்."

மயானம் வயல்களை ஒட்டி ஒரு சரிவில். முதல் நாள் மழையில் புல்லெல்லாம் சேறு. அக்கா ஒரு பையில் தூரிகை, சவர்க்காரம், மெழுகுதிரி, பழைய ஜாம் போத்தல் எல்லாம் கொண்டுவந்திருந்தார். நாலு அடிக்கு ஒரு தரம் நின்று மூச்செடுத்தார். நிற்பதற்குக் காரணமாக ஒவ்வொரு கல்லையும் வாசித்தார். "இவர் நல்ல வயது இருந்திருக்கிறார்... இது பாவம், குழந்தை..." அப்படியே அத்தானிடம் வந்து சேர்ந்தோம்.

நான் சப்பாத்தோடு சேற்றில் முழங்காலிட்டுக் கல்லைத் தேய்க்கத் தொடங்கினேன். சாம்பல் நிறக் கல். மேலே சிலுவை. அதன் கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் அத்தானின் பெயர், இரண்டு தேதிகள். தேய்த்துக்கொண்டே கீழே வந்தேன். அதன் கீழும் எழுத்துகள் இருந்தன. தூரிகை 'றோஸ்' என்ற இடத்தில் நின்றது. அக்காவின் பெயர் முழுதாக. பிறந்த தேதி. ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் கல், நன்றாக மினுக்கி விட்டிருந்தது.

தூரிகையைச் சேற்றில் வைத்தேன்.

"இதென்ன அக்கா?"

"ரெண்டு பேருக்கு எண்டு ஆழமாத்தான் வெட்டினவை. அவர் கீழ, நான் மேல. இஞ்ச அப்பிடி ஒரு வழக்கம் இருக்கு." குடையைச் சாய்த்துப் பிடித்து, எழுத்துகளை ஆசிரியர் கொப்பி பார்ப்பதுபோலப் பார்த்தார். "நானில்லாத நேரம் என்ரை பேரைச் சரியாப் போட்டிருக்கினமோ எண்டு ஆர் வந்து பாக்கிறது? கல்லுக் கொத்துறவனுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில நிண்டு, ஒவ்வொரு எழுத்தாக் காட்டிக் கொத்துவிச்சனான். வடிவா வந்திருக்கு, என்ன?"

"எப்ப செய்தது?"

"அவற்றை ஆண்டுத் திவசத்துக்கு முந்தி."

அதாவது நான் கிழக்கு அறைக்கு நீலம் பூசுவதற்கு மூன்று மாதம் முந்தி.

காற்றில் மெழுகுதிரி நிற்கவில்லை. ஜாம் போத்தலுக்குள் வைத்துக் கொளுத்தி, அணைந்து, கொளுத்தி, நாலாம் தரம் பிடித்தது. அக்கா செபம் சொன்னார். மூச்சுக் காணாத இடங்களை நான் சொல்லி முடித்தேன்.

திரும்பி வரும்போது ஒரு தோட்டத்து வாசலில் வெங்காயம் வாங்கினோம். சாக்கைப் பின்சீற்றில் வைத்துவிட்டு நான் காரை எடுக்காமல் இருந்தேன்.

"அப்ப ஏன் ஒரு கிழமையாய் 'யோசிப்பம்' எண்டு சொன்னனீங்கள்?"

அக்கா என்னைப் பார்த்தார். "எட மடையா, 'யோசிப்பம்' எண்டால் என்னெண்டு உனக்குத் தெரியாதோ?"

தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? நான் கலியாணம் கட்டாமல் போனதே அதனால்தான். எங்கள் ஆட்களில் யாரும் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள். என்னைப் பார்த்த ஐந்து வீட்டாரும் தேத்தண்ணி தந்து, பலகாரம் தந்து, "யோசிச்சுச் சொல்லுறம்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். இருபத்தைந்து வருடமாக இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு வருடம், யோசிக்கிறேன் என்றால் உண்மையிலேயே யோசிக்கிற ஆட்களோடு இருந்துவிட்டேன். என் சொந்த அக்கா சொன்னபோது அது எனக்கு மறந்துபோயிருந்தது.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே. நான் வாய் நோக..."

"நீ சொல்லிக்கொண்டிருக்கேக்க எனக்கு அந்த வெயில் கொஞ்சம் அடிச்சது. அதுதான் பேசாமல் கேட்டன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சுவரில கை வைச்சால் சுடும் எண்டியே. அண்டைக்கு நல்லா நித்திரை கொண்டன்."

கண்ணாடியில் மறுபடி தூறல் விழத் தொடங்கியிருந்தது. நான் வைப்பரைப் போட்டேன்; சிக்னல் மினுங்கியது.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். பகிடி விடாமல் சொல்லு. அங்க நீ ஆரோடை தமிழ் கதைக்கிறனி?"

"காரோடை."

"பகிடி விடாதை எண்டனான்."

"பகிடி இல்லை அக்கா."

அக்கா என் முழங்காலில் காய்ந்துகொண்டிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "அப்ப நீ இஞ்ச வாவன்டா," என்றார்.

ஐம்பத்தாறு வயது. மூன்றாவது நாடு. திரும்பவும் ஒரு பரீட்சை, ஒரு படிவம், ஒரு வரிசை. அங்கே இன்னும் ஆறு வருடம் வேலை செய்தால்தான் பென்ஷன். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணுக்கு முன்னால் வந்தது வேறு: அந்த எக்ஸ்ரே. நான் எல்லாவற்றையும் விற்று, எழுதி, விசா எடுத்து வந்து சேரும்போது, அந்தக் கல்லில் கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்குமா?

"யோசிப்பம் அக்கா," என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். இந்த முறை அவருக்கு இருமல் வரவில்லை. நான் காரை எடுத்தேன்.

மிச்ச நாட்களில் அந்தக் கதையை எடுக்கவில்லை. அப்படிச் சொல்வதும் சரியில்லை, பின்னேரமானால் அக்கா ஹீட்டருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்கட ஊரில இப்ப என்ன நேரம்? மலை என்ன நிறம்?" என்று கேட்பார். விற்க ஒன்றுமில்லை என்றானபிறகு நான் நன்றாகவே சொன்னேன். அவரைக் கஞ்சியைச் சொன்னேன். புழுதிக்காற்று அடித்தால் பல்லுக்குள் மண் கடிபடுவதைச் சொன்னேன். ஞாயிறுகளில் தெருவில் ஒரு நாய்கூட நடக்காததைச் சொன்னேன். அதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார்.

புறப்பட்ட நாளில் ஷேர்லிதான் காரோட்டினார். விமான நிலையத்தில் என் தோளைத் தட்டி, "மெசினின் வாளியை நான் பார்த்துக்கொள்கிறேன், பயப்படாதே," என்றார். அக்கா என் கோட்டுப் பையில் மிளகாய்த்தூள் போத்தல் ஒன்றை வைத்தார். "செத்தல் மிளகாய் ஊருக்கு மிளகாய்த்தூளோ?" என்றேன். "உன்ரை ஊர் மிளகாயில உறைப்பெங்கயடா இருக்கு," என்றார். கட்டிப்பிடித்தார். உள்ளே கதவு திறந்து மூடியது.

அமெரிக்கப் படிவத்திலும் ஒரு கேள்வி இருந்தது: பண்ணைக்குப் போனீர்களா? இல்லை என்று போட்டேன். நான் போனது பண்ணைக்கல்ல. சப்பாத்தை யாரும் கழற்றச் சொல்லவில்லை. புக்கெகோஹியின் சிவப்பு அதன் விளிம்பில் காய்ந்து அப்படியே வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் மண்ணிலும் அதிலும் நிற வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆனால் எனக்குத் தெரியும், எது எது என்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா எனக்குப் போன் எடுப்பார். போன கிழமையும் எடுத்தார்.

"மெசின் போட்டிருக்கிறியளோ?"

"ஓமடா."

பொய். அது ஓடினால் பின்னால் ஒரு இரைச்சல் கேட்கும், கேட்கவில்லை.

"அங்க மழை பெஞ்சுதோ?"

"மூண்டு மாசமா இல்லை."

"இஞ்ச பெய்யுது. கேள்," என்றார்.

ஜன்னலைத் தூக்கும் சத்தம் கேட்டது. ரிசீவரை வெளியே நீட்டிப் பிடித்திருக்கவேண்டும். நீலம் பூசிய அறையில், சுடுகின்ற சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நான் கேட்டேன். தகரக் கூரையில், இலைகளில், ஷேர்லியின் வேலியில், மவுண்ட் ஆல்பர்ட் முழுவதிலும் மழை பெய்துகொண்டிருந்தது. அக்கா நீட்டிய கையை உள்ளே எடுக்கவில்லை. நன்றாகக் காதைக் கொடுத்தபோது, மழைக்கு இந்தப் பக்கத்தில், அவருடைய மூச்சும் கேட்டது.